பிரெஞ்சு மாடி, தமிழ்த் திண்ணை

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய ஊர் என்பதுதான் பலரின் எண்ணம். கடற்கரையிலிருந்து மேற்கே நடந்து பார்த்தால் கதை வேறு!

நேர்நேராக ஓடும் தெருக்களுக்குத் திட்டம் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்த அவர்கள் 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதே திட்டத்தின் மேல் ஊரை வளர்த்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்த பிறகும், பழைய தெருக்களின் மேலேயே புது வீடுகள் எழுந்தன.

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. அங்கே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. ஆளுநர் துய்ப்ளெக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். வீட்டின் கீழ்த்தளத்தில் தமிழ் முறையில் மரத்தூண்கள், மாடியிலோ ஐரோப்பியத் தூண்கள்!

வைசியாள் வீதியிலும் இதே கலவைதான். தெருவோரம் திண்ணை, மேலே பிரெஞ்சு பாணி மாடி. இந்த வீதியைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஆனாலும் இதுபோன்ற பல வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. சுற்றுலாக் கூட்டமோ கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களோடு திரும்பிவிடுகிறது.

பிரெஞ்சு மாடியைத் தாங்கி நிற்பது தமிழ்க் கீழ்த்தளம். அது போய்விட்டால் மாடி எதன் மேல் நிற்கும்?