பனிவிளக்குச் சுவிட்ச் இணைப்பு

காரின் முன்பக்கப் பனிவிளக்குகளை (பேச்சுவழக்கில் ஃபாக் லைட்) ரிலே வழியாக இயக்கும் மின்சுற்று. ஜோலார்பேட்டை அருகே 14 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் ஏலகிரி மலைச்சாலையில், மார்கழி விடியலின் மூடுபனியில் இவ்விளக்கு பயன்படும். ஹை பீம் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தாழப் பொருத்திய பனிவிளக்கோ சாலையோரத்தைக் காட்டும்.

12 வோல்ட் காரில் 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சிறு சுவிட்ச் இதைத் தாங்காது, சூடாகி உருகும். ஆகவே ரிலே அவசியம். அதன் 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியே மின்சாரம் வரும். 87ஆம் முனை விளக்குகளுக்குச் செல்லும். 86, 85 ஆகியவை ரிலேயை இயக்கும் சுருளின் முனைகள்: முதலாவதற்குச் சுவிட்ச், மற்றதற்கு எர்த். சுருள் எடுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுவிட்சுக்கு மெல்லிய ஒயரே போதும். சுவிட்சுக்கான மின்சாரத்தை பார்க்கிங் விளக்கிலிருந்து எடுத்தால், அது அணையும்போது பனிவிளக்கும் அணையும், பேட்டரி இறங்காது.

ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பலர் அதை டாஷ்போர்டுக்கு அடியில் வைப்பது வீண்: நடுவழியில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் அந்த ஃபியூஸ் காப்பாற்றாது. மங்கலாக எரியும் விளக்குக்குப் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பே காரணம்.