எஃப் இணைப்பானும் சேலம், நாமக்கல் வட்டாரக் கேபிள் தொலைக்காட்சியும்

எஃப் இணைப்பான் என்பது, கோஆக்சியல் கேபிள் எனப்படும் ஓரச்சு வடத்தை ஆம்ப்ளிஃபயர், ஸ்பிளிட்டர், செட்டாப் பாக்ஸ் முதலியவற்றோடு பொருத்தும் திருகு வகை உலோக முனை ஆகும். கேபிள்காரர்கள் இதைக் கனெக்டர் என்று மட்டுமே சொல்வர். வீட்டில் படம் கெட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

தோற்றமும் அமைப்பும்

ஓரச்சு வடத்துக்கு 1880இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை பெற்றார். எஃப் இணைப்பானை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெரால்டு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் வடிவமைத்தார். இதில் நடு ஊசி தனியாகக் கிடையாது. வடத்தின் நடுக்கம்பியே ஊசியாக நீண்டிருக்கும். விலை மலிவுக்கு இதுவே காரணம், பலவீனமும் இதுவே. கம்பியைச் சீவுபவரின் கை எப்படியோ, இணைப்பும் அப்படி.

ஆர்ஜி-6 வடத்தில் நடுக்கம்பியின் விட்டம் 1.02 மி.மீ.; அதைச் சூழ்ந்த நுரை பாலிஎத்திலீனின் விட்டம் 4.57 மி.மீ. இந்த விகிதமும் நுரையின் தன்மையும் சேர்ந்துதான் 75 ஓம் மின்மறிப்பைத் தருகின்றன. முனையில் நுரை நசுங்கினால் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலோ மொத்தமும் நின்றுவிடும்.

சேலம் சீமையில்

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது இந்திய நகரங்களில் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் மீது ஆவல் பிறந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியதும் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் கேபிள் தேவைப்பட்டது. அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997 ஜனவரி 1இல்தான் தனி மாவட்டமானது. மொட்டை மாடி, தென்னை மரம், மின்கம்பம் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வடம் ஓடியது. லாரிகள் மிகுந்த வட்டாரத்தில் சாலையைக் குறுக்கிடும் வடம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கோடை வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் வடம் நடுக்கம்பியை மெல்ல உள்ளே இழுக்கும். ஐப்பசி மழையில் நீர் புகுந்தால் செம்பும் பின்னலும் களிம்பேறும்.

அனலாக் காலத்தில் படமே மீட்டராக இருந்தது. வலப்புறம் நிழல் விழுந்தால் அலை எதிரொலிக்கிறது என்று பொருள். நடுக்கம்பி விட்டுப்போனால் அந்த இடைவெளி மின்தேக்கிபோல் வேலை செய்யும். உயர் அதிர்வெண் சேனல்கள் ஓரளவு தெரிய, கீழ்ச் சேனல்கள் முதலில் மறையும். நீர் புகுந்தால் இதற்கு நேர்மாறு. பட்டறிவுள்ள கேபிள்காரர் எந்தச் சேனல் மங்குகிறது என்று கேட்டே பழுதைக் கணித்துவிடலாம்.

கசிவு

தளர்ந்த இணைப்பு கெடுப்பது அந்த வீட்டுப் படத்தை மட்டுமன்று. விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் கேபிளின் சில சேனல்களும் அமைகின்றன. வடத்துக்குள் அடங்கியிருக்கும்வரை தொல்லையில்லை. திருகு தளர்ந்தால் அலை வெளியே கசியும். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் இவ்வட்டாரத்துக்கும் இது ஏட்டுச் செய்தியன்று. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம், 9ஆம் பிரிவில் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கருவிகளையும், 10ஆம் பிரிவில் பிற தொலைத்தொடர்பில் குறுக்கிடாமையையும் கட்டாயமாக்கியது. சட்டம் சொல்வது எளிது; தெருத்தெருவாகத் திருகைச் சோதிப்பது யார் என்பதே கேள்வி.

டிஜிட்டலுக்குப் பின்

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் புத்துயிர் பெற்றது. சேலம் மாவட்டத்து எடப்பாடித் தொகுதியைச் சேர்ந்த எடப்பாடி கே. பழனிசாமி முதல்வராக இருந்த 2017இல் டிஜிட்டல் சேவையும் இலவச செட்டாப் பாக்ஸும் வந்தன. படம் தெளிந்தது, ஆனால் படத்தைப் பார்த்துப் பழுதை அறியும் வழி அடைபட்டது. டிஜிட்டல் அலை மெல்ல மங்குவதில்லை. ஓர் எல்லைவரை குறையின்றி வந்து, அதைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பழி பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் மீதே விழுகிறது.

எனவே அளவுமானி இன்றியமையாததாயிற்று. ஆர்ஜி-6 வடம் 750 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 19 டெசிபெல் இழக்கும். 30 மீட்டருக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. கம்பத்தில் ஓர் அளவும் வீட்டில் ஓர் அளவும் எடுத்து, வேறுபாடு பதினைந்தாக இருந்தால் பாக்ஸை மாற்றிப் பயனில்லை. முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்த வேண்டும். அதற்கும் இடுக்கியால் நசுக்கும் பழைய வகையைவிட, சுற்றிலும் சமமாக அழுத்தும் கம்ப்ரஷன் வகையே நீர் புகாமல் நிற்கிறது. இப்போது பல இடங்களில் தெருவரை ஒளியிழை வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குள் நுழையும் கடைசிச் சில மீட்டர் மட்டும் பெரும்பாலும் ஓரச்சு வடமாகவே நீடிக்கிறது.