மீட்டர் கணக்கில் செம்பு

சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் இருக்கிறது எஸ்கோண்டிடா. உற்பத்தியில் உலகில் அதைவிடப் பெரிய செம்புச் சுரங்கம் கிடையாது. அங்கேயும் நூறு கிலோ பாறையை உடைத்தால் ஒரு கிலோ செம்பு தேறினாலே அதிகம். பாறையை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, செம்பு மிகுந்த பொடியைப் பிரித்துக் கப்பலேற்றுகிறார்கள். சிலியின் பொடியில் ஒரு பங்கு ஜப்பான் உருக்காலைகளுக்குப் போய், 99.99 சதவீதச் சுத்தமான கேத்தோடு தகடாகிறது. இந்தியா வாங்கும் தகடுகளில் ஜப்பான் சரக்கு நிறைய. 2018 மே மாதம் தூத்துக்குடி செம்பு உருக்காலை மூடப்படும்வரை நாம் வாங்கியதைவிட விற்றதுதான் அதிகம். இப்போது கணக்கு தலைகீழ்.

தகட்டை உருக்கி 8 மி.மீ. கம்பியாக வார்க்கிறார்கள். அதன் பிறகு இழுப்புதான். ஒன்றைவிட ஒன்று சிறிய ஓட்டையுள்ள டைகள் வழியே இழுத்து இழுத்து 0.2 மி.மீ. இழையாக்குகிறார்கள். ஒரு மீட்டர் கம்பி 1,600 மீட்டர் இழையாகிவிடும்! இழுபட்டு விறைத்த இழையைச் சூடேற்றி இளக்கி, வெள்ளீயம் பூசி, ஏழேழாக முறுக்கி, மேலே பிவிசி போர்த்துகிறார்கள். கடைசியில் ஸ்பார்க் டெஸ்டர். உயர் மின்னழுத்தம் ஏற்றிய மணிச்சரங்கள் வயரைத் தடவிக்கொண்டே இருக்கும். தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அங்கே பொறி பறக்கும், கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ரீல், ரீலின் மேல் லேபிள். லாட் எண், இழைக் கணக்கு எல்லாம் அதில்தான். யுஎல் 1007 என்று போட்டிருந்தால் 300 வோல்ட், 80 டிகிரி வரை தாங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் முழு ரீலாகத்தான் தருவார். லண்டன் உலோகச் சந்தையில் செம்பு விலை ஆடினால் அவர் கொட்டேஷனும் ஆடும். நாலு போர்டு அசெம்பிள் செய்கிறவர் ஆறு நிறத்துக்கும் ஆறு ரீல் வாங்க முடியுமா? அவருக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள்தான். 'செவன் பை பாயின்ட் டூ, ரெட், பத்து மீட்டர்' என்றால் அளந்து வெட்டித் தருவார்கள்.

இத்தனை தூரம் கூடவே வந்த காகிதம் அந்த வெட்டில் கழன்றுவிடுகிறது. லேபிள் கடை ரீலில் தங்கிவிடும்; வாங்கியவர் கையில் இருப்பது ஊர் பேர் தெரியாத பத்து மீட்டர். செம்புப் பூச்சு பூசிய அலுமினிய வயர் சந்தைக்குள் நுழைவது இந்த இடைவெளியில்தான். அதே தடிமனில் அது செம்பைவிட அதிகம் சூடாகும், வளைத்து வளைத்துப் பார்த்தால் சீக்கிரம் ஒடியும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் குட்டு வெளிப்படும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. போலி வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை.

விலையைப் பேரம் பேசும் நேரத்தில் பாதியைச் சரக்கைச் சோதிக்கச் செலவிடலாம் என்பது என் கட்சி. 'அண்ணே, ரீல் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கவா?' என்று கேட்டுப் பாருங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் ரீலையே உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்.