பனிக்களம் – 7: பாவம், அந்தப் பையன்!

மாஸ்கோவில் எட்டாவது ஆட்டம், கடைசி நிமிடம், பால் ஹெண்டர்சன். போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன். அந்த கோலுக்கு ஒரு தேசமே ஏன் அழுதது என்று புரிய வேண்டுமானால், அதற்கு 26 நாள் முன்பு கனடா ரசிகன் எவ்வளவு தெனாவட்டாக இருந்தான் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

1972 செப்டம்பர் 2. மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில், கனடாவும் சோவியத்தும் மோதிய எட்டு ஆட்ட ஐஸ் ஹாக்கித் தொடரின் முதல் ஆட்டம். ரசிகர்களுக்குள் இருந்த ஒரே சண்டை, எட்டுக்கு எட்டா, எட்டுக்கு ஏழா என்பதுதான். சோவியத் வாரிக் குவித்த ஒலிம்பிக் தங்கங்களை அவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். ஆட்கள் களத்தில் இறங்காததால் கிடைத்த தங்கம்தானே! பாபி ஆருக்கு முழங்கால் காயம். பாபி ஹல் போட்டி லீக்குக்குப் போய்விட்டார் என்று அணியிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். சுத்த அற்பத்தனம். ஆனாலும் யாருக்கும் கவலை இல்லை.

‘குளோப் அண்ட் மெயில்’ பத்தி எழுத்தாளர் டிக் பெடோஸ், ரஷ்யர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் இந்தப் பத்தியைக் கிழித்து பீட்ரூட் சூப்பில் போட்டுத் தின்கிறேன் என்று எழுதினார். (பிறகு தின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அபூர்வப் பத்திரிகையாளர்.) ‘மாண்ட்ரியல் ஸ்டார்’ ஜான் ராபர்ட்சன் மட்டும் சோவியத்தே வெல்லும் என்று எழுதினார். அவரை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

சோவியத் போய் வேவு பார்த்து வந்தவர்களும் சேதி நல்லதாகவே கொண்டு வந்தார்கள். கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் திரெத்யாக், இருபது வயசுப் பையன், தேற மாட்டான் என்றார்கள். அவர்கள் பார்த்த ஆட்டத்தில் அவன் கோல் மேல் கோல் விட்டது நிஜம். அவனுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்த நேரம் அது என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே ஜாக் பிளான்ட் வருகிறார். இவரைப் பற்றி எழுத இந்தத் தொடரில் இடம் தேடிக்கொண்டே இருந்தேன். மாண்ட்ரியலுக்கு ஆறு ஸ்டான்லி கோப்பை வாங்கிக் கொடுத்த கோல்கீப்பர். ஆஸ்துமாக்காரர். ஓய்வு நேரத்தில் கம்பளித் தொப்பி பின்னுவார். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் முகத்தைக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டவர், முகமூடி இல்லாமல் களத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு முகமூடியே பிடிக்காது. போட்டால் ஆட்டக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது என்று பொருளாம். இன்றுபோல் மாற்று கீப்பரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் வழக்கம் அப்போது இல்லை. பிளேக் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். மாண்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது. முகமூடி அவருக்கு முன்பே ஒருவர் போட்டதுதான். ஆனால் அது நிலைத்தது இவரால். தையல் போட்ட முகத்தோடு பேரம் பேசிய அந்த ஆளைத்தான் நான் வீரன் என்பேன்.

அந்த பிளான்ட், 43 வயதில், முதல் ஆட்டத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளரோடு சோவியத் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். திரெத்யாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கனடாவின் எஸ்போசிட்டோ எப்படி அடிப்பார், கூர்னுவாயே எங்கிருந்து அடிப்பார், எப்போது முன்னால் ஏறி வர வேண்டும் என்று பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். எதிரணி கீப்பருக்கு! ஏன் செய்தார் என்பது திரெத்யாக்குக்கே விளங்கவில்லை. பையன்மேல் பரிதாபம் என்றுதான் எனக்குப் படுகிறது. முகத்துக்கு நேரே பக் வாங்கியவனுக்கு இன்னொரு கீப்பரின் வயிற்றுக் கலக்கம் தெரியும். ஆனால் எதிரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதுகூட ஒருவகை மமதைதானே. பெடோஸின் சவாலுக்கு நாகரிகமான சட்டை போட்டால் பிளான்டின் பரிவு வந்துவிடும்.

அன்றைய பிரதமர் ட்ரூடோ பக்கைப் போட்டுத் தொடங்கிவைத்தார். முப்பதாவது நொடியில் எஸ்போசிட்டோ கோல். ஏழு நிமிடத்துக்குள் 2-0. எட்டுக்கு எட்டுதான் என்று அரங்கம் முடிவே கட்டிவிட்டது. பிறகு ஸிமின் ஒன்று, பெத்ரோவ் ஒன்று, அடுத்த பீரியடில் கார்லமோவ் இரண்டு. கடைசியில் 7-3. பரிதாபத்துக்குரிய பையன் நிமிர்ந்து நின்றான். ஏழு கோல் வாங்கியவர் கனடாவின் கென் டிரைடன். சோவியத் ஆட்டக்காரர்கள் கைகுலுக்கக் காத்திருக்க, கனடாக்காரர்கள் விறுவிறுவென்று வெளியேறினார்கள்.

டொரண்டோவில் வெற்றி, வின்னிபெக்கில் டிரா. வான்கூவரில் தோற்றபோது சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். வியர்வை வழிய டிவி கேமரா முன் நின்ற எஸ்போசிட்டோ, நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறோம், உங்களுக்கு இதுதான் தோன்றுகிறதா என்று ஊரையே உலுக்கினார்.

ஆகவே மாஸ்கோவுக்கு விமானம் ஏறிய ஏறத்தாழ மூவாயிரம் கனடா ரசிகர்களிடம் எட்டுக்கு எட்டுப் பேச்சே இல்லை. அங்கே முதல் ஆட்டமும் போனது. அடுத்த இரண்டையும் ஜெயித்து, தொடரைச் சமன் செய்து, செப்டம்பர் 28 அன்று கடைசி ஆட்டத்தில் இரண்டு பீரியட் முடிந்தபோது கனடா 3-5 என்று பின்தங்கியிருந்தது. 34 நொடி மிச்சமிருக்க ஹெண்டர்சன் அடித்த ஆறாவது கோல், பிளான்ட் பாடம் எடுத்த அதே திரெத்யாக்கைத் தாண்டித்தான் போனது.

அதற்கு முன் ஆறாவது ஆட்டத்தில் கார்லமோவின் கணுக்காலில் பாபி கிளார்க் மட்டையை ஓங்கிய கதையும், கடைசி ஆட்டத்தில் ஆலன் ஈகிள்சன் என்ற வில்லனை மாஸ்கோ போலீஸ் அள்ளிக்கொண்டு போகப் பார்த்த கூத்தும் அடுத்த வாரம்.