அமெரிக்கச் சிற்றூர் வானொலியில் பழைய பாட்டு குடியேறிய வரலாறு

அமெரிக்கச் சிற்றூர்களில் 100 வாட் திறனில் இயங்கும் சமுதாய வானொலிகள் சில, 1950, 60களின் பாட்டுகளையே நாள் முழுக்க ஒலிபரப்புகின்றன. முதியவர்களின் ஏக்கம் என்று இதற்குக் காரணம் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஏக்கம் இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பெருநகர வானொலியிலிருந்து வெளியேற்றியது விளம்பரக் கணக்கு. சிற்றூரில் இடம் கொடுத்தது உரிமச் சட்டம். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பழைய பாட்டுக்கும் சந்தை உண்டென்று முன்கூட்டியே உணர்ந்தவர் ஆர்ட் லபோ. 1950களில் லாஸ் ஏஞ்சலிஸில், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் உணவகம் ஒன்றிலிருந்து அவர் நேரடி நிகழ்ச்சி நடத்தினார். கூடிய இளைஞர்களிடம் மைக்கை நீட்டி, என்ன பாட்டு, யாருக்காக என்று கேட்பார். சில ஆண்டுகளுக்கு முன் வந்து ஓய்ந்துபோன பாட்டுகளையும் அவர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்த விருப்பத்தை நம்பி 1959இல் அவர் வெளியிட்ட தொகுப்பு இசைத்தட்டு, பில்போர்டு பட்டியலில் 183 வாரங்கள் நின்றது. பழைய பாட்டுக்கு முதலில் ஆசைப்பட்டவர்கள் பதின்வயதினர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

1972இல் நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை பழைய பாட்டுக்கென்றே மாறியது. நேயர்கள் நிலைத்தார்கள், அவர்களுக்கு வயதும் ஏறியது. விளம்பரதாரர்கள் பெரிதும் நாடுவது 25 முதல் 54 வயது வரையுள்ளவர்களை. 1960இல் பதினெட்டு வயதான ஒருவர் 1997இல் 55ஐத் தொட்டு அந்தக் கணக்கிலிருந்தே விழுந்தார். 2005 ஜூன் 3 அன்று அந்நிலையம் பழைய பாட்டைத் திடீரெனக் கைவிட்டது. நேயர்களின் கோபம் பெரிது. 2007 ஜூலையில் அது திரும்பி வந்தாலும், பாட்டுப் பட்டியல் பிந்தைய ஆண்டுகளின் பக்கம் நகர்ந்திருந்தது.

இதே காலத்தில்தான் மறுபுறம் ஒரு கதவு திறந்தது. கல்வி நிறுவனங்களுக்கு 10 வாட் உரிமம் தரும் ஏற்பாடு 1948இலேயே இருந்தது. 1978இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2000 ஜனவரியில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், குறைதிறன் பண்பலை என்ற புதிய உரிமத்தை உருவாக்கியது. திறன் 100 வாட், எட்டும் தூரம் ஏறத்தாழ 5.6 கிலோமீட்டர், ஒரு சிற்றூருக்கு அது போதும். தங்கள் அலைவரிசையில் இடையூறு வரும் என்று பெரிய ஒலிபரப்பாளர்கள் எதிர்க்க, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் இந்த உரிமங்களைக் கடுமையாகச் சுருக்கியது. அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2003இல் மைட்டர் நிறுவன ஆய்வு காட்டிய பிறகும், தடையை நீக்கும் சட்டம் 2011 ஜனவரியில்தான் வந்தது. 2013இல் விண்ணப்பம் கோரியபோது 2,800க்கும் மேல் குவிந்தன.

உரிமத்தின் நிபந்தனைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வணிக விளம்பரத் தடை. உள்ளூர் இரும்புக்கடைக்காரர் நன்கொடை தந்தால், கடையின் பெயரையும் இருக்கும் தெருவையும் சொல்லி நன்றி கூறலாம். விலை சொல்லக் கூடாது. வந்து வாங்குங்கள் என்று அழைக்கவும் கூடாது. (இந்தியாவின் 2006ஆம் ஆண்டு சமுதாய வானொலி நெறிமுறைகளிலும் அதே 100 வாட்தான், ஆனால் மணிக்கு ஐந்து நிமிட விளம்பரத்துக்கு அவை இடம் கொடுத்தன.) விளம்பரமே இல்லாத இடத்தில் நேயரின் வயதுக்கு விலையில்லை. எண்பது வயதுக்காரர் அனுப்பும் பத்து டாலரும் பத்து டாலர்தான்.

பாட்டுக்கான செலவும் குறைவு. அமெரிக்கச் சட்டப்படி, காற்றலையில் ஒலிபரப்பும் நிலையம் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமத் தொகை தருகிறது. பாடியவருக்குத் தர வேண்டியதில்லை. இணைய ஒலிபரப்புக்கு வேறு விதி: அங்கே பாடியவருக்கும் பங்குண்டு. ஆனால் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் மத்தியச் சட்டத்துக்கு வெளியே கிடந்ததால், அந்தப் பங்கைச் சட்டப்படி உறுதியாகக் கோர அவற்றின் பாடகர்களுக்கு வழியில்லை. 2018 அக்டோபரில் வந்த இசை நவீனமயமாக்கல் சட்டம் இந்த அநீதியைப் பாதி தீர்த்தது. 1958இல் பதிவான பாட்டு இணையத்தில் ஒலித்தால் இன்று பாடியவருக்கோ வாரிசுக்கோ பணம் சேரும்; அதே பாட்டு ஊர்க் கோபுரத்திலிருந்து போனால் இன்றும் ஒன்றுமில்லை.