கராமாவில் எடுத்த படம்

என் அப்பா 2022இல் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும் என்றார்கள். என் கைபேசியில் அப்பாவின் படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. கடைசியாக ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்காரவைத்து எடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மயிலாடுதுறையில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோக்காரர் அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். "சார், இதைப் பெருசு பண்ணா மெழுகு பொம்மை மாதிரி வரும். வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

அவர் சொன்னது சரி. அப்பாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. சிறுவயதில் கிணற்றுப் படியில் விழுந்த அடி. படத்தில் அது ஏறக்குறைய இல்லை. கன்னத்துச் சுருக்கங்களை யாரோ கரண்டியால் பூசி மெழுகியதுபோல இருந்தது. பின்புறத்தை மங்கலாக்கும் வேகத்தில் கைபேசி காதின் ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கியிருந்தது. சின்னத் திரையில் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை.

அம்மா பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துத் தந்தார். 1983இல் துபாய் கராமாவில், அப்பாவின் அறைத் தோழர் தன் யாஷிகா கேமராவில் எடுத்த படம். பிரின்ட் செம்பழுப்பாகி ஓரம் சுருண்டிருந்தது. ஆனால் கவருக்குள் நெகட்டிவ் இருந்தது. ஸ்கேன் செய்து 16க்கு 20 அங்குலத்தில் போட்டபோது கொஞ்சம் மணல் தூவியதுபோல் புள்ளி தட்டியது. தழும்பு இருந்தது. சட்டைப் பையில் செருகிய பேனாவின் கிளிப்கூட இருந்தது.

தகவல் தொழில்நுட்பத்தில் பிழைப்பவன் நான். கைபேசிக் கேமரா தனிக் கேமராவுக்கு ஈடாகுமா என்று நண்பர்கள் கேட்டபோதெல்லாம், "எப்போதோ ஆகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஸ்டுடியோவில் நின்றபோது, கேள்வியையே நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பட்டது. அதன்பிறகு தேடிப் படித்ததும், கராமாவில் கேட்டு அறிந்ததும்தான் இந்தக் கட்டுரை.

கராமாவைப் பார்த்திராதவர்களுக்கு: துபாயின் கண்ணாடிக் கோபுரங்களுக்குச் சற்றுத் தள்ளி, உயரம் குறைந்த பழைய கட்டடங்களும் இட்லிக் கடைகளும் மளிகைக் கடைகளும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களும் அடுத்தடுத்து இருக்கும் இடம். ஒரு அறையில் ஆறு கட்டில் போட்டு வாழ்ந்தவர்களின் பேட்டை. அப்பா 1979 முதல் 1998 வரை இங்கே இருந்தார். நான் 2007இல் வந்தேன்.

வளைகுடாவின் புகைப்பட வரலாற்றிலேயே பெரிய படத்தை எடுத்தவரும் இப்படி இந்தியாவிலிருந்து வந்தவர்தான். ரமேஷ் சுக்லா 1965இல் பம்பாயிலிருந்து ஒரு ரோலிகார்டு கேமராவோடு வந்தார். 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தபோது, கொடியின் கீழ் ஆட்சியாளர்கள் நிற்கும் காட்சியைப் படமெடுத்தார். ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில்தான் இணைந்தது என்பதால் அன்று இருந்தவை ஆறு எமிரேட்டுகள். நாட்டின் 40ஆம் ஆண்டு விழாச் சின்னத்துக்கே அந்தப் படம் அடிப்படையானது. ரோலிகார்டில் ஒரு ரோலுக்கு 12 படங்கள்தான். ஆனால் ஒவ்வொரு நெகட்டிவும் 56க்கு 56 மில்லிமீட்டர். அதனால்தான் அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் முகங்கள் தாங்குகின்றன.

நம்மவர்கள் கையில் இருந்தது அதைவிடச் சிறிய 35 மில்லிமீட்டர் கேமரா. எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவரின் பெட்டியில் டேப் ரெக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் பக்கத்தில் யாஷிகா இருக்கும். தமிழ்நாட்டில் அப்போது கறுப்பு வெள்ளைதான் கைக்கு எட்டுவது. 1960இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம் ஸ்டுடியோதோறும் இருந்தது. கலர் என்றால் வெளிநாடு.

ஒரு ரோலில் 36 படம். கைதேர்ந்தவர்கள் 37 எடுப்பார்கள். அறையில் ஆறு பேர் பங்கு போட்டு ரோல் வாங்கினால் ஆளுக்கு ஆறு படம். வெள்ளிக்கிழமை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, யாருடைய காரிலோ சாய்ந்து ஒன்று. தேரா மணிக்கூண்டின் முன்னால் ஒன்று. பிரின்ட் வந்ததும் கடிதத்துக்குள் வைத்து ஊருக்கு அனுப்பவேண்டும். கட்டில் இடுக்கும் கழிவறை வரிசையும் அந்தப் படங்களில் வரவே வராது. அப்பாவின் 19 ஆண்டு வளைகுடா வாழ்க்கை மொத்தம் 83 படங்கள். எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் அழகு, பாதி பொய்.

ஆகவே, கேமரா உண்மை சொன்னது, கைபேசி பொய் சொல்கிறது என்று நான் வாதிடப்போவதில்லை. படத்தைத் திருத்துவது கைபேசி கண்டுபிடித்த வேலையும் அல்ல. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் படமெடுத்தார். ஒரு படத்தில் அடங்காது என்பதால் துண்டு துண்டாக எடுத்து 21 பிரின்ட்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைபேசியை இடமிருந்து வலம் திருப்பினால் கிடைக்கும் பனோரமாதான் அது. அவர் கையால் செய்தார். வெளிறிப்போன வானத்தில் மேகங்களை நெகட்டிவின்மேல் தானே தீட்டியும் இருக்கிறார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்ய ஆள் இருந்தார். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பை அவர்தான் மறைப்பார்.

கைபேசி இந்த வேலையை எந்த அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்தது. 2000இல் ஜப்பானில் ஷார்ப் வெளியிட்ட கேமரா கைபேசியில் 1 இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். 2010இல் உலகெங்கும் ஏற்றுமதியான தனி டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2020இல் அது 1 கோடிக்கும் கீழே போய்விட்டது. 2012இல் கோடாக் திவால் மனு கொடுத்தது. ஊட்டித் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருப்பது கணக்கு. படம் என்பது சேர்த்த வெளிச்சம். வெளிச்சத்தைச் சேர்க்கும் பாத்திரம் சென்சார். தொழில்முறைக் கேமராவின் முழு பிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். கைபேசிகளில் மிகப் பெரியதான 'ஒரு அங்குல' சென்சார்கூடச் சுமார் 116தான். பெரும்பாலானவற்றில் அதுவும் இல்லை. மழைக்கு ஒருவர் அண்டாவை வைக்கிறார், ஒருவர் டம்ளரை வைக்கிறார். டம்ளர்காரர் தோற்கவேண்டும். ஆனால் அவர் சாமர்த்தியசாலி: நாம் பொத்தானைத் தொடுமுன்பே பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைக் கணக்கிட்டு அடுக்கிச் சராசரி எடுத்து, ஒரே படமாக்கித் தருகிறார். 2018இல் கூகுள் பிக்சலில் வந்த இரவுப் படமெடுக்கும் முறை இப்படிப் பல படங்களை அடுக்கித்தான் கிட்டத்தட்ட இருட்டிலும் கைப்பிடியில் படமெடுத்தது.

பகல் வெளிச்சத்தில், அசையாத பொருளை எடுத்து, புத்தகப் பக்க அளவுக்கு அச்சிட்டால், கைபேசிப் படத்தையும் கேமராப் படத்தையும் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. மங்கிய கல்யாண மண்டபத்தில் ஓடும் குழந்தை, தூரத்துப் பறவை, சுவர் அளவு அச்சு, இவற்றில் கேமரா இன்னும் முன்னால் நிற்கிறது. அண்டா அண்டாதான்.

ஆனால் என் அப்பாவின் படம் பகலில் எடுத்தது. அவரும் அசையாமல்தான் இருந்தார். அங்கே தவறியது வேறு. முகம் என்று கண்டதும் கைபேசி தானாகவே டச்சிங் செய்துவிட்டது. நான் கேட்கவில்லை. டச்சிங்காரரிடம் தழும்பு இருக்கட்டும் என்று சொல்லலாம். சொல்லாமல் செய்துவிட்டால்கூட, பென்சில் கோட்டைத் துடைத்தால் கீழே நெகட்டிவ் இருக்கும். என் கைபேசியில் கீழே ஒன்றும் இல்லை. அடுக்கிய பல படங்களையும் அது அந்த நொடியிலேயே தூக்கி எறிந்துவிட்டது. தீர்ப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது, சாட்சியம் இல்லை.

'சாட்சியம்' என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். 2009இல் எங்கள் கராமா அறையில் வவுனியாக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. அந்த ஆகஸ்ட் மாதம் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய காணொளியை ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். கைகள் கட்டப்பட்ட, உடையில்லாத ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி. கைபேசியில் எடுத்தது, புள்ளி புள்ளியாக, ஆடி ஆடி இருந்தது. அண்ணை மெல்ல, "இதைப் பொய்யெண்டுதான் சொல்லுவாங்கள், பாருங்கோ" என்றார். இலங்கை அரசு அப்படியேதான் சொன்னது. 2010 ஜனவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடய மருத்துவம், காணொளி, துப்பாக்கி ஆகியவற்றில் மூன்று தனித்தனி நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானது என்றே வலுவாகக் காட்டுவதாக அறிவித்தார்.

தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய பொறுப்பைச் சுமந்த படங்கள் அதிகமில்லை. அதை எடுத்தது இன்று குழந்தைகூட வேண்டாம் என்று தள்ளும் ஒரு கேமரா. புள்ளிகள் எத்தனை என்பதா அங்கே வழக்கு? யாராவது கை வைத்தார்களா, இல்லையா என்பது மட்டுமே. இன்றைய கைபேசியில் யாரும் கை வைக்காமலேயே மென்பொருள் கை வைத்துவிடுகிறது. அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், பொய் என்று சொல்பவருக்கு வாதம் எளிதாகிவிடும். 2023இல் லைக்கா நிறுவனம், எடுத்த கணத்திலேயே மூலச் சான்றைப் படத்தோடு முத்திரையிடும் கேமராவை வெளியிட்டதற்குக் காரணம் இந்தக் கவலைதான்.

எனவே என் பதில் இப்போது இதுதான்: தீவிரப் புகைப்படத்துக்கு வேண்டியது திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு மூலம். அதைத் தரும் கருவி எதுவானாலும் ஈடுதான். பல கைபேசிகள் 'ரா' என்ற திருத்தாத கோப்பைச் சேமிக்கும். ஆனால் அமைப்புக்குள் போய் நாம்தான் அதை இயக்கவேண்டும். நான் இயக்கி வைத்திருக்கிறேன். ஆண்டு முடிவில் 36 படங்களை மட்டும் தேர்ந்து, கராமாவில் ஒரு கடையில் அச்சடித்துக் கவரில் போட்டு வைக்கிறேன்.

கூடத்தில் 1983ஆம் ஆண்டு அப்பாதான் மாலையோடு இருக்கிறார். "இதாண்டா உங்கப்பா" என்று அம்மா முடிவு செய்துவிட்டார். என் மகளுக்கு அதில் வருத்தம். "இது தாத்தா இல்ல, யாரோ அண்ணன்," என்கிறாள். அவள் அறிந்த தாத்தா நரைத்தவர். என் கைபேசியில் 40 விநாடிக் காணொளி ஒன்று இருக்கிறது. அதில் அவர் அவளைச் செல்லப் பெயரால் மூன்று முறை கூப்பிடுகிறார், மூன்றாவது முறை இருமல் வந்து நிறுத்துகிறார். யாஷிகாவால் அதைப் பிடித்திருக்க முடியாது. அவள் கேட்கும்போதெல்லாம் போட்டுக் காட்டுகிறேன். அதில் தழும்பு தெரிகிறதா என்று நான் இன்னும் நிறுத்திப் பார்க்கவில்லை.