ஐ.என்.எஸ். ராஜாளி

ஐ.என்.எஸ். ராஜாளி, ராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்தை ஒட்டி அமைந்துள்ள இந்தியக் கடற்படை வான்தளம். கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் கீழ் இயங்கும் இத்தளத்தை 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் நெடுந்தூரக் கண்காணிப்பு விமானங்களின் தாய்த்தளமாக இது அறியப்படுகிறது. கால் நூற்றாண்டுக் காலம் சோவியத் தயாரிப்பான டியூ-142 விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 2013 முதல் அமெரிக்காவின் போயிங் நிறுவனம் கட்டிய பி-8ஐ விமானங்கள் அந்த வேலையைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. இந்தியா தன் கடல் கண்காணிப்புக்கு யாரிடம் விமானம் வாங்கியது, அதையொட்டி எந்த நாடுகளோடு நெருங்கியது என்பதை இந்த ஒரு தளத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

பெயர்

கடற்படை தன் வான்தளங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டுவது மரபு. கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, மும்பையில் ஷிக்ரா, கிரேட் நிக்கோபார் தீவில் பாஸ் என்று இந்த வரிசை நீளும். இவற்றுள் தமிழ்நாட்டில் உள்ள இரண்டு தளங்கள் தமிழ்ப் பெயர் கொண்டவை: ஒன்று அரக்கோணத்து ராஜாளி, மற்றொன்று ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கப்பட்ட பருந்து. இரண்டுமே உயரத்திலிருந்து இரை தேடும் பறவைகள்.

அமைவிடமும் ஓடுபாதையும்

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இத்தளம் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமானத் திடல் ஒன்று இங்கே இருந்தது. போருக்குப் பின் நெடுங்காலம் அது பயன்பாடின்றிக் கிடந்தது. 1980-களில் கனரகக் கண்காணிப்பு விமானங்களுக்கு இடம் தேடிய கடற்படை இந்நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. இங்குள்ள ஓடுபாதை 4,000 மீட்டருக்கும் அதிக நீளமுடையது. ஆசியாவின் நீளமான இராணுவ ஓடுபாதைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

டியூ-142 காலம் (1992–2017)

கடலுக்கு மேலான நெடுந்தூரக் கண்காணிப்பு முன்பு இந்திய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. 1976-இல் அது கடற்படைக்கு மாற்றப்பட்டபோது, பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் சேர்ந்தே வந்தன. அவை முதுமையடைந்த நிலையில் மாற்று விமானத்துக்காக சோவியத் ஒன்றியத்தை இந்தியா அணுகியது. எட்டு டியூ-142எம் விமானங்களை வாங்க 1984 இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்திய விமானிகளும் தொழில்நுட்பர்களும் அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த லாட்வியாவின் ரீகா நகரில் பயிற்சி பெற்றனர். 1988 மார்ச் 30 அன்று முதல் விமானங்கள் கோவா வந்திறங்கின. ஐ.என்.ஏ.எஸ். 312 என்ற படைப்பிரிவு இவற்றை இயக்கியது.

நான்கு டர்போபிராப் எஞ்சின்கள் கொண்ட இவ்விமானத்தில், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகள் இருந்தன. எரிபொருளும் ஆயுதமும் நிரப்பினால் எடை 180 டன்னைத் தாண்டும். பயணிகள் விமானங்களும் வந்துபோகும் கோவா ஓடுபாதையில் இத்தனை கனத்தை நிரந்தரமாக வைத்திருப்பது எளிதாக இல்லை. ராஜாளி தயாரானதும் 1992-இல் அப்படைப்பிரிவு அரக்கோணத்துக்கு இடம் மாறியது.

1988-இல் மாலத்தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை முறியடித்த ‘ஆபரேஷன் காக்டஸ்’ நடவடிக்கையிலும், 1999 கார்கில் போர்க்காலக் கடல் கண்காணிப்பிலும் டியூ-142 பங்கேற்றது. 29 ஆண்டு சேவைக்குப் பின், 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் நடந்த விழாவில் கடற்படைத் தலைமைத் தளபதி சுனில் லாம்பா முன்னிலையில் இவ்விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டுள்ளது.

பி-8ஐ கொள்முதல்

சோவியத் ஒன்றியம் சிதறிய பின் உதிரிப் பாகங்கள் கிடைப்பது கடினமாயிற்று. இந்தியப் பெருங்கடலில் சீன நீர்மூழ்கிகளின் நடமாட்டமும் கவலை தந்தது. புதிய விமானத்துக்கு நடந்த போட்டியில் போயிங் தேர்வு பெற்றது. 2009 ஜனவரி 1 அன்று எட்டு விமானங்களுக்கு, 210 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கக் கடற்படைக்கான பி-8 விமானமே அதற்குப் பிறகு, அவ்வாண்டு ஏப்ரலில்தான் முதன்முறையாகப் பறந்தது. இவ்வகை விமானத்தை வாங்கிய முதல் வெளிநாடு இந்தியா. பின்னாளில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நார்வே, நியூசிலாந்து, தென்கொரியா, ஜெர்மனி ஆகியவையும் இந்த வரிசையில் சேர்ந்தன.

முதல் பி-8ஐ 2013 மே 15 அன்று அரக்கோணத்தில் தரையிறங்கியது. எட்டு விமானங்களும் வந்து சேர்ந்த பின், 2015 நவம்பர் 13 அன்று பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் ராஜாளிக்கு வந்து படைப்பிரிவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2016-இல் மேலும் நான்கு விமானங்களுக்கு 100 கோடி டாலருக்கும் அதிகமான தொகையில் ஒப்பந்தம் போடப்பட்டது. அவை கோவாவின் ஹன்சா தளத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2022 மார்ச்சில் அங்கே ஐ.என்.ஏ.எஸ். 316 என்ற இரண்டாவது படைப்பிரிவு உருவானது. இவற்றோடு இந்தியாவின் பி-8ஐ எண்ணிக்கை 12 ஆனது. இன்னும் ஆறு விமானங்களை 242 கோடி டாலர் மதிப்பீட்டில் இந்தியாவுக்கு விற்க அமெரிக்க அரசு 2021 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது.

விமானத்தோடு செலவு முடிந்துவிடவில்லை. ஹார்ப்பூன் ஏவுகணைகளையும் எம்.கே.-54 டார்பிடோக்களையும் மொத்தம் 15.5 கோடி டாலர் மதிப்பில் விற்க 2020 ஏப்ரலிலும், கடலில் வீசும் ஒலியுணர் மிதவைகளை 5.28 கோடி டாலர் மதிப்பில் விற்க 2024 ஆகஸ்டிலும் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. மிதவைகள் ஒருமுறை கடலில் போட்டால் திரும்பக் கிடைக்காதவை. எனவே விமானம் பறக்கும் காலம் வரை அவற்றை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அமைப்பும் செயல்பாடும்

பயணிகள் விமானமான போயிங் 737-800-இன் உடலும் 737-900-இன் இறக்கை வடிவமும் சேர்ந்தது பி-8. இரண்டு ஜெட் எஞ்சின்கள், ஏறத்தாழ 85 டன் உச்ச எடை, ஒன்பது பேர் கொண்ட குழு. தளத்திலிருந்து 1,200 கடல் மைல் தொலைவு சென்று, அங்கே நான்கு மணி நேரம் தேடுதல் நடத்தித் திரும்ப இதனால் முடியும்.

கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கியை ரேடார் காணாது. அதனால் விமானம் ஒலியுணர் மிதவைகளை வரிசையாகக் கடலில் இடுகிறது. ஒவ்வொரு மிதவையும் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, எஞ்சின் இரைச்சலையோ எதிரொலியையோ பிடித்து வானொலி அலையாக மேலே அனுப்பும். பல மிதவைகளின் செய்தியை ஒப்பிட்டு நீர்மூழ்கியின் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. பெரிய இரும்புக்கூடு புவியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாறுபாட்டை அளக்கும் கருவியும் பி-8ஐ-யின் வாலில் உண்டு. அமெரிக்கா தன் பி-8ஏ விமானத்தில் இக்கருவியைத் தவிர்த்தது. இந்தியா கேட்டு வாங்கியது. பின்புறக் கடலைப் பார்க்கும் கூடுதல் ரேடாரும் இந்திய வடிவத்துக்கே உரியது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தரவு இணைப்புக் கருவி, ஹைதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் ரகசியப் பேச்சுக் கருவி போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும் இதில் பொருத்தப்பட்டன.

ஒப்பந்தங்களும் நெருக்கமும்

முதல் விமானங்கள் வந்தபோது அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தும் சங்கேதத் தொடர்புக் கருவிகள் அவற்றில் இல்லை. அக்கருவிகளைத் தர, தகவல் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் இந்தியா கையெழுத்திட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்ட நிபந்தனை. படை நடமாட்டத் தகவல் வெளியார் கைக்குப் போகும் என்ற அச்சத்தால் இந்தியா தயங்கியது. வெளிச்சந்தையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு விமானங்கள் பறந்தன.

தயக்கம் படிப்படியாகத் தளர்ந்தது. 2016-இல் அமெரிக்கா இந்தியாவை ‘முதன்மைப் பாதுகாப்புக் கூட்டாளி’ என்று அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தளவாட உதவி உடன்பாடும் (லெமோவா), 2018 செப்டம்பரில் தகவல்தொடர்பு உடன்பாடும் (காம்காசா), 2020 அக்டோபரில் நிலவரைபடத் தரவு உடன்பாடும் (பெக்கா) கையெழுத்தாயின. லெமோவாவின்படி ஒரு நாட்டின் விமானமோ கப்பலோ மற்ற நாட்டின் தளத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பின்னர் கணக்குத் தீர்க்கலாம். 2020 செப்டம்பரில் அமெரிக்க பி-8ஏ விமானம் ஒன்று போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் நிரப்பியது இதன்படியே. இவ்வளவுக்குப் பின்னும் இரு நாடுகளுக்கும் இடையே இராணுவக் கூட்டணி உடன்படிக்கை கிடையாது. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது போரில் இறங்க வேண்டும் என்ற கடப்பாடு இல்லை.

ராஜாளி தொடங்கப்பட்ட அதே 1992-இல் இந்திய–அமெரிக்க ‘மலபார்’ கூட்டுப் பயிற்சியும் தொடங்கியது. 1998 அணுகுண்டுச் சோதனையால் தடைபட்டு 2002-இல் மீண்ட இப்பயிற்சியில், ஜப்பான் 2015-இல் நிரந்தர உறுப்பினரானது; 2020-இல் ஆஸ்திரேலியாவும் பங்கேற்றது. 2017 ஜூலையில் சென்னைக்கு அப்பால் நடந்த மலபாரில் இந்திய பி-8ஐ, அமெரிக்க பி-8ஏ இரண்டும் கலந்துகொண்டன. குவாம் தீவில் நடக்கும் ‘சீ டிராகன்’ நீர்மூழ்கி வேட்டைப் பயிற்சிக்கும் பி-8ஐ விமானங்கள் சென்று வருகின்றன. 2020-இல் பிரான்ஸின் ரீயூனியன் தீவிலிருந்து அந்நாட்டுடன் கூட்டு ரோந்தும் நடந்தது.

போரல்லாத பணிகள்

2014 மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானம் எம்.எச். 370-ஐத் தேட பி-8ஐ அனுப்பப்பட்டது. சீனாவுடனான 2017 டோக்லாம், 2020 லடாக் எல்லை நெருக்கடிகளின்போது கடலை விட்டு மலைப்பகுதிக் கண்காணிப்புக்கும் இது பயன்பட்டது. 2023 மே மாதம் இந்தியப் பெருங்கடலில் 39 பேருடன் சீன மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தபோது, இந்தியாவிலிருந்து 900 கடல் மைலுக்கு அப்பால் சென்று தேடியதும் பி-8ஐ-தான். சீன நீர்மூழ்கிகளைக் கருதி வாங்கிய விமானம் சீன மீனவர்களைத் தேடிப் போயிற்று. 2024 மார்ச்சில் கடற்கொள்ளையரிடமிருந்து ‘ரூயன்’ சரக்குக் கப்பலை மீட்டு, 17 ஊழியர்களைக் காப்பாற்றி, 35 கொள்ளையரைச் சரணடையவைத்த நடவடிக்கையிலும் இது பங்கேற்றது.

பிற பிரிவுகள்

அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற இரண்டு எம்.க்யூ.-9பி ‘சீ கார்டியன்’ ஆளில்லா விமானங்கள் 2020 நவம்பர் முதல் ராஜாளியிலிருந்து இயங்கின. அவற்றில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் 2024 செப்டம்பர் 18 அன்று சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே இவ்வகையில் 31 விமானங்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் 15 கடற்படைக்குரியவை.

கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கே உள்ளது. கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி 2024 ஜூன் மாதம் இப்பள்ளியில்தான் பயிற்சியை நிறைவு செய்தார்.

காட்டுப்பள்ளித் தொடர்பு

பிற நாடுகளோடு நெருங்குவதில் வானில் ராஜாளி காட்டும் போக்கைக் கப்பல் துறையில் சென்னைக்கு வடக்கேயுள்ள எல் அண்ட் டி நிறுவனத்தின் காட்டுப்பள்ளிக் கப்பல் தளம் காட்டுகிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக இங்கு வந்தது. இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்ட முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அதுவே. 2023-இல் அமெரிக்கக் கடற்படை இத்தளத்துடன் நீண்டகாலப் பழுதுபார்ப்பு உடன்பாடும் செய்துகொண்டது. இந்தியக் கடனுதவியில் வியட்நாமுக்கு வழங்கிய 12 அதிவேகக் காவல் படகுகளில் ஐந்து காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டவை.

வெள்ள காலப் பயன்பாடு

2015 டிசம்பர் பெருமழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி, போக்குவரத்து முற்றிலும் நின்றது. அப்போது ராஜாளியின் ஓடுபாதை பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையிலிருந்து சாலை வழியாக அரக்கோணம் வந்த மக்கள் இங்கிருந்து விமானம் ஏறினர். டிசம்பர் 6 அன்று சென்னை விமான நிலையம் மீண்டும் இயங்கத் தொடங்கியது.